ஆராய்ச்சிக்கும் ஓர் அனுமதிச் சீட்டு

கிழக்கு ஆபிரிக்காவிலுள்ள தன்சானியா தேசத்துக்குச் சிங்கத்தையும் யானையையும் பார்த்துக் களிக்கச் செல்பவருக்கு ஒரு விசா இருந்தாற் போதும். அதே சிங்கத்தின் பின்னால் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் சென்று, அது நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உறங்குகின்றது, எத்தனை நாளைக்கொருமுறை வேட்டையாடுகின்றது என்று எழுதிக்கொள்ள விரும்புபவரோ, முதலில் அந்நாட்டு அரசாங்கத் தாபனமொன்றுக்கு விண்ணப்பம் அனுப்பவேண்டும். தன்சானிய விஞ்ஞான தொழில்நுட்ப ஆணைக்குழு என்பது அதன் பெயர். சுருக்கமாகக் 'கொஸ்டெக்' என்பர். 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றினால் அது நிறுவப்பட்டது. அதற்கு முன்னர் இக்கடமையைச் செய்துவந்த தேசிய சபைக்கு 'உதாஃபிதி' என்றே பெயர் வழங்கிற்று. சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்கு ஆராய்ச்சி என்பதே பொருள்.

விண்ணப்பம் செய்பவரிடம் கேட்கப்படும் கேள்விகள் சுவையானவை. செய்யப்போவது என்ன ஆராய்ச்சி? எந்த மாவட்டத்தில்? எம்முறையில்? செலவுக்குப் பணம் தருபவர் யார்? தன்சானியாவிலுள்ள எந்த நிறுவனம், எந்த அறிஞர் உம்முடன் சேர்ந்து உழைக்கப்போகின்றார்? இவற்றுக்கெல்லாம் தக்க விடை கிடைத்தால் ஓராண்டுக்கு அனுமதி கிடைக்கும். வேலை முடியாவிடின் மறுபடியும் விண்ணப்பித்துப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும். மனிதரின் இரத்தத்தையோ நோயையோ தொடும் ஆராய்ச்சியாயின், 1979இல் அமைக்கப்பட்ட தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் அறநெறிப் பரிசீலனை தனியே உண்டு. வனவிலங்கைப் பற்றியதாயின் அருஷா நகரிலுள்ள வனவிலங்கு ஆராய்ச்சி நிறுவனம் தன் சம்மதத்தைத் தரவேண்டும். சான்சிபார்த் தீவில் இறங்கவேண்டுமாயின் அத்தீவின் அரசாங்கத்திடம் வேறோர் அனுமதி. இவ்வளவுக்கும் பின்னர், குடிவரவுத் திணைக்களத்தாரிடம் வதிவிட அனுமதியும் பெறவேண்டும்.

இவ்வாறு அனுமதி பெற்று நடைபெறும் ஆராய்ச்சிகளின் வகைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு தேசத்தின் வாழ்வு முழுவதும் கண்முன்னே விரியும். மலேரியா நுளம்பு ஒருபுறம், கடலடியிலுள்ள பவளப்பாறை மற்றொருபுறம். சிம்பன்சிக் குரங்கு, ஆதிமனிதனின் எலும்பு, காணித் தகராறு, கிராமத்துப் பெண்களின் சேமிப்பு, சுவாகிலி மொழியின் இலக்கணம் என்று அவை பலவாகும். இத்தனை வாயில்களையும் கடந்து செல்லவேண்டியிருக்கின்றதே என்று சலித்துக்கொள்ளும் மேனாட்டு ஆராய்ச்சியாளர் உளர். அவர்களுடைய சலிப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், இவ்வாயில்கள் ஏன் எழுந்தன என்பதை அறியவேண்டுமானால் நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

அக்காலத்தில் அந்நாடு ஜேர்மனியரின் ஆட்சியில் இருந்தது. தென்கிழக்கே, லிண்டித் துறைமுகத்திலிருந்து நாட்கணக்கில் நடந்து செல்லவேண்டிய உள்நாட்டிலே, தெண்டகுரு என்றொரு குன்று உண்டு. 1906இல் அவ்வழியே சென்ற ஜேர்மன் பொறியியலாளர் ஒருவர் மண்ணிலிருந்து பிரமாண்டமான எலும்புகள் வெளிக்கிளம்பி நிற்பதைக் கண்டார். அவை பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த டைனோசோர் என்னும் பெரும் பல்லியினத்தின் எலும்புகள். 1909ஆம் ஆண்டு தொடக்கம் 1913ஆம் ஆண்டு வரையும் பெர்லின் நூதனசாலையார் அங்கே அகழ்வு நடத்தினர். தோண்டியவர்களும், எலும்புகளைப் பொதிசெய்தவர்களும், பொதிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து துறைமுகம் வரை கால்நடையாகச் சென்றவர்களும் அவ்வட்டாரத்து மக்களே. நூற்றுக்கணக்கானோர் அவ்வேலையில் ஈடுபட்டிருந்தனர். இவ்விதம் கப்பலேறிச் சென்ற எலும்புகளின் நிறை 200 தொன்னுக்கு மேலாகும்.

அந்த ஆண்டுகளை நேயர்கள் கவனித்தல் வேண்டும். 1905 முதல் 1907 வரை அதே தென்பகுதியில் மஜி மஜி எனப்படும் பெருங்கிளர்ச்சி நடந்தது. அதனை அடக்கிய ஜேர்மன் படையினர் பயிரைக் கொளுத்தினர், தானியத்தை அழித்தனர். போரிலே மடிந்தவரிலும் பார்க்கப் பஞ்சத்தில் மடிந்தவரே அதிகம். அந்தச் சாம்பல் ஆறுமுன்னரே எலும்பு தேடுபவர்கள் வந்து சேர்ந்தனர். கூலி கிடைக்கின்றது என்று மக்கள் வேலைக்கு வந்தார்கள் என்றால், அதை அவர்களின் மனமுவந்த சம்மதம் என்று கொள்வது எவ்வளவு பொருந்தும்?

பெர்லினிலே அவ்வெலும்புகளைக் கொண்டு பூட்டிய ஒரு கூடு 1937இல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் உயரம் 13 மீற்றருக்கு மேல். உலகிலே பூட்டி நிறுத்தப்பட்ட டைனோசோர்க் கூடுகளில் அதனிலும் உயர்ந்தது இல்லை என்பர். அகழ்வு வேலையில் ஜேர்மனியருக்கு வலது கைபோல நின்று, தொழிலாளரை நடத்தி, எலும்பு இருக்கும் இடத்தை இனங்கண்டு உதவியவர் போஹெட்டி பின் அம்ரானி என்பவர். வேலைக்காரர் தலைவர் என்ற அளவிலே பெயர் குறிக்கப்பட்ட அம்மனிதரைச் சிறப்பிக்கும் முகமாக, தெண்டகுருவில் கிடைத்த ஒரு டைனோசோர் இனத்துக்கு 'ஒஸ்திரலோடோக்கஸ் போஹெட்டியி' என்று 2007இல் பெயரிட்டார்கள். பெயர் வந்து சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. எலும்புகளோ இன்னும் பெர்லினிலேயே இருக்கின்றன. அவற்றைத் திருப்பித் தரவேண்டுமா, அன்றேல் அங்கிருந்தபடியே அவற்றைப் பற்றிய அறிவையும் பயிற்சியையும் பகிர்ந்துகொள்வது போதுமா என்ற வாதம் தன்சானியாவிலும் ஜேர்மனியிலும் ஓயவில்லை.

ஆராய்ச்சியின் பொருள்கள் திரும்பி வந்த கதையும் ஒன்று உண்டு. 1959ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆந் திகதி, ஒல்டுவாய்ப் பள்ளத்தாக்கிலே மேரி லீக்கி என்னும் பெண்மணி பதினேழரை இலட்சம் ஆண்டுகள் பழமையான மண்டையோடொன்றைக் கண்டெடுத்தார். அது 1965இல், சுதந்திரம் பெற்றுவிட்ட நாட்டின் நூதனசாலைக்கு முறைப்படி ஒப்படைக்கப்பட்டது.

மேரி அம்மையாரின் கணவரான லூயி லீக்கி அனுப்பிவைத்ததனாலேயே ஜேன் குடால் என்னும் 26 வயது ஆங்கிலப் பெண் சிம்பன்சிகளைப் பார்க்க வந்தார். தங்கனீக்கா அப்பொழுது பிரித்தானியரின் பொறுப்பில் இருந்தது. கொம்பேக் காட்டுக்குள் ஓர் இளம்பெண் தனியே போவதற்கு அதிகாரிகள் உத்தரவு கொடுக்க மறுத்துவிட்டனர். துணைக்கு ஒருவர் வரவேண்டும் என்றனர். துணைக்கு வந்தவர் அவருடைய தாயார்! 1960 ஜூலை மாதம் 14ஆந் திகதி தாயும் மகளுமாகத் தங்கனீக்கா ஏரிக்கரையில் வந்திறங்கினர். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, சிம்பன்சியொன்று புல்லின் தண்டைக் கறையான் புற்றினுள் நுழைத்து, அதிலே ஏறிய கறையான்களை உண்பதைக் குடால் கண்டார். கருவி செய்வோன் மனிதன் மாத்திரமே என்று அதுவரை கற்பிக்கப்பட்டு வந்தது. அந்தப் பாடத்தை ஒரு புல்தண்டு திருத்தி எழுதவைத்தது. 2025 ஒக்ரோபரில் தமது 91ஆவது வயதில் அவர் காலமாகும் வரை கொம்பேயின் பெயரும் அவர் பெயரும் பிரியாதிருந்தன.

இவ்வளவும் பலருக்குத் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத பகுதி 1975இல் நடந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் ஓரிரவு, ஏரியைக் கடந்து சயர் நாட்டிலிருந்து வந்த ஆயுதபாணிகள் கொம்பேயிலிருந்த வெளிநாட்டு மாணவர் நால்வரைக் கடத்திச் சென்றனர். நால்வரும் பின்னர் உயிருடன் மீண்டனர் என்பது ஆறுதல். எனினும் வெளிநாட்டார் அங்கே தங்கியிருப்பது அத்துடன் நின்றது. பதினைந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் எழுதப்பட்டுவந்த குறிப்புகளும் அத்துடன் நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. அதுவரை வழிகாட்டிகளாகவும் உதவியாளராகவும் இருந்த அயற்கிராமத்துத் தன்சானியர்கள் குறிப்புப் புத்தகத்தைத் தாமே கையிலெடுத்தனர். எந்தச் சிம்பன்சி எந்த மரத்தில் உண்டது, எது எதனுடன் சண்டையிட்டது, எது ஈன்றது என்பவற்றையெல்லாம் அவர்கள் பதிந்துகொண்டே வந்தனர். கொம்பேயின் ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளைத் தாண்டி நீண்ட தொடர்ச்சி என்று இன்று புகழப்படுகின்றதென்றால், அச்சங்கிலியில் அறுந்துபோக இருந்த கண்ணியைப் பிடித்து நின்றவர்கள் அவர்களே. உள்நாட்டு அறிஞரை உடன் சேர்த்துக்கொள் என்று அனுமதி வழங்குவோர் வற்புறுத்துவதன் பயனை இதனிலும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுமோ?

லேட்டோலி என்னும் இடத்திலும் இதுவே நடந்தது. சுமார் 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், எரிமலைச் சாம்பல் மழையில் நனைந்து களிபோலிருந்த வேளையில், நிமிர்ந்து நடக்கும் உயிர்கள் சில அதன்மேல் நடந்து சென்றன. அச்சாம்பல் இறுகிக் கல்லாயிற்று. 1978இல் மேரி லீக்கியின் குழுவினர் அவ்வடிச்சுவடுகளைக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டிலே பாதுகாப்பிற்காக அவற்றை மண்ணிட்டு மூடினர். மூடிய மண்ணுக்குள் வேலமரத்தின் விதைகள் கலந்திருந்தது அப்போது தெரியவில்லை. விதைகள் முளைத்து மரங்களாகி, வேர்கள் சுவடுகளைத் துளைக்கத் தொடங்கிவிட்டன. 1990களிலே வெளிநாட்டு நிபுணரும் தன்சானியத் தொல்பொருள் இலாகாவினரும் சேர்ந்து வேர்களை அகற்றி, சுவடுகளை மறுபடியும் மூடிவைத்தனர். அதன் பின்னர், அவ்விடத்தில் ஒரு நூதனசாலை கட்டலாமா என்று நிலத்தைப் பரிசோதித்த தன்சானியக் குழுவொன்று அருகிலேயே வேறு சில மனிதச் சுவடுகளைக் கண்டது. அக்கண்டுபிடிப்பு 2016இல் வெளியாயிற்று. தலைமை தாங்கியவர் பிடெலிஸ் மசாவோ என்னும் தன்சானிய அறிஞர். தெண்டகுருவிலே எலும்பைச் சுமந்தவர்களின் நாட்டவர் இங்கே சுவட்டைப் படித்தவர்களாயினர்.

ஓராண்டு அனுமதி என்பது ஒரு சிறு வேலைக்குப் போதும். இயற்கையின் சில இரகசியங்களோ பத்து, இருபது ஆண்டுகள் காத்திருந்தாலன்றி வாய் திறப்பதில்லை. செரெங்கெட்டிப் புல்வெளியில் நடந்தது அத்தகையது. அங்கே வில்டபீஸ்ட் என்னும் மிருகம் மந்தை மந்தையாக மேய்கின்றது. மான் இனத்தைச் சேர்ந்ததாயினும் பார்வைக்கு மாடுபோல் இருக்கும். 1961இல் கணக்கெடுத்தபோது அவை சுமார் 2½ இலட்சம் இருந்தன. 1977இல் 13 இலட்சத்துக்கும் மேலாகப் பெருகிவிட்டன. இத்தனை பெருக்கத்துக்குக் காரணம் காட்டுக்கு வெளியே இருந்தது. அயலிலுள்ள இடையர்களின் மாடுகளுக்கு வெக்கை நோய்த் தடுப்பூசி போட்டார்கள். மாட்டில் நோய் ஒழிந்ததும், அதனிடமிருந்து தொற்றுப் பெற்று ஆண்டுதோறும் மாண்டுவந்த வில்டபீஸ்ட் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. மந்தை பெருகவே புல் மேயப்பட்டது. புல் குறையவே வேனிற்காலக் காட்டுத்தீ குறைந்தது. தீ குறையவே மரக்கன்றுகள் தலையெடுத்தன. ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசி ஒரு காட்டையே வளர்த்த விந்தை இது. ஆண்டுதோறும் சலியாமல் எண்ணிவந்தவர்கள் இல்லாதிருந்தால், இவற்றை ஒன்றோடொன்று தொடுத்துக் காட்ட எவராலும் இயன்றிராது. வெக்கை நோய் 2011இல் உலகம் முழுவதிலுமே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

இனி, ஒரு தேரையின் வழக்கைச் சொல்லவேண்டும்.

ஊட்சுங்வா மலைப்பகுதியில் கிஹான்சி என்றோர் ஆறு செங்குத்தான பள்ளத்தில் விழுகின்றது. அதனை மறித்து 180 மெகாவாற்று மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டனர். அத்திட்டத்தின் பொருட்டுச் சுற்றாடலை ஆராயச் சென்றவர்கள் 1996இல், நீர்வீழ்ச்சியின் தூவானம் படும் சில ஏக்கர் நிலத்திலே, விரல் நுனியளவான மஞ்சள் நிறத் தேரையொன்றைக் கண்டனர். உலகில் வேறெங்கும் அது இல்லை. முட்டையிடாமல் குட்டி ஈனும் விசித்திரமும் அதற்கு உண்டு. அணை கட்டி முடிந்தது. ஆற்று நீரின் பெரும்பகுதி குழாய்வழி திரும்பியது. தூவானம் ஓய்ந்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதை யார் மறுப்பார்? விளக்கில்லாத வீட்டிலே படிக்கும் பிள்ளையிடம் போய்த் தேரைக்காக இருட்டில் இரு என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? ஆனால் தேரைக்கும் வேறு புகலிடம் இல்லை.

2000ஆம் ஆண்டில் 499 தேரைகளைப் பிடித்து நியூயோர்க் நகரத்துப் பிராங்ஸ் மிருகக்காட்சிச் சாலைக்கு அனுப்பினர். பள்ளத்திலே செயற்கையாக நீர் தூவும் குழாய்களை அமைத்தனர். சில காலம் தேரைகள் பெருகின. பின்னர், 2003இல், தோலைத் தாக்கும் பூஞ்சண நோயும் வந்து சேர்ந்த நிலையில் அவை திடீரென அழிந்தன. 2009இல் அவ்வினம் இயற்கை நிலத்தில் அற்றுப்போனது என்று அறிவித்தனர். அமெரிக்காவில் வளர்க்கப்பட்டவற்றின் சந்ததி 2010இல் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்தது. 2012இல் அவற்றுட் பலவற்றைக் கிஹான்சியின் தூவானத்திலே மீண்டும் விட்டனர். மின்சாரம் எடுக்குமுன் ஆராய்ந்து பார் என்ற நிபந்தனை இல்லாதிருந்தால், இப்படி ஓர் உயிர் இருந்தது என்பதே அது அழிந்த பின்னரும் எவருக்கும் தெரிந்திராது.

மனிதரைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வருவோம். கிலொம்பேரோப் பள்ளத்தாக்கிலுள்ள இஃபாக்கராவில் சுவிற்சலாந்து விஞ்ஞானியான ருடோல்வ் கைகி 1950களில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தை ஆரம்பித்தார். அது வளர்ந்து தன்சானியர்கள் நடத்தும் பெரிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது. மருந்து தோய்த்த நுளம்பு வலையைக் கிராமத்தவர் குறைந்த விலைக்கு வாங்கிப் பயன்படுத்தினால் உண்மையிலே குழந்தைகள் பிழைப்பார்களா என்பதை அவ்வட்டாரத்தில் அளந்து பார்த்தனர். ஒரு மாதத்துக்கும் நான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் உயிர் பிழைப்பது 27 வீதம் கூடியது என்று 2001இல் வெளியான முடிவு கூறியது. பின்னர் மலேரியாத் தடுப்பூசியின் இறுதிப் பரீட்சை 2009 முதல் 2014 வரை ஏழு ஆபிரிக்க நாடுகளில், 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு நடைபெற்றபோது, பகமோயோவும் கொரொக்வேயும் தன்சானியாவின் இரு நிலையங்களாயிருந்தன. அத்தடுப்பூசியை உலக சுகாதார தாபனம் 2021இல் விதந்துரைத்தது.

இத்தகைய பரீட்சைகளிலேதான் அறநெறிப் பரிசீலனையின் அருமை விளங்கும். ஊசி போடப்படும் பிள்ளை தன் சம்மதத்தைச் சொல்லமாட்டாது. தாய் தகப்பன் சொல்லவேண்டும். அவர்களுக்கு எழுத்து வாசனை இல்லாதிருக்கலாம். ஆகவே விஷயத்தைச் சுவாகிலி மொழியில், அவர்களுக்கு விளங்கும் வார்த்தைகளில், எடுத்துச் சொல்லவேண்டும். நடுவிலே வேண்டாமென்று விலகினாலும் பிள்ளைக்கு வைத்தியம் மறுக்கப்படாது என்பதையும் சொல்லவேண்டும். தேவையாயின் ஒரு சாட்சியின் முன்னிலையில் கைநாட்டுப் பெறவேண்டும். பெருவிரலின் அந்த மைச்சுவடு எத்தனையோ பட்டதாரிகளின் கையெழுத்திலும் பாரமானது.

எயாசி ஏரியின் அயலில் வாழும் ஹட்சா மக்களின் நிலை வேறொரு வகையானது. சுமார் ஆயிரம் பேரைக் கொண்ட இச்சிறு கூட்டத்தினரில் ஒரு பகுதியினர் வேட்டையாடியும் கிழங்கும் தேனும் தேடியும் வாழ்கின்றனர். உலகத்து ஆராய்ச்சியாளர் பலருக்கு இவர்கள்மேல் ஒரு கண். 2012இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நாள் முழுதும் நடந்து திரியும் ஹட்சா மனிதனும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அமெரிக்கனும், உடலின் அளவுக்கேற்பப் பார்த்தால், நாளொன்றுக்குச் செலவிடும் சக்தி ஏறத்தாழ ஒன்றே என்று காட்டி எல்லோரையும் வியப்பில் ஆழ்த்திற்று. அதனைப் படித்தவர்கள் உடல் பருமனைப் பற்றிச் சிந்தித்தார்கள். ஹட்சாக்களின் கவலையோ நிலத்தைப் பற்றியது. வயல்களும் மேய்ச்சல் மந்தைகளும் அவர்கள் வேட்டை நிலத்தை நாற்புறமும் நெருக்கி வந்தன. 2011இல் யாயெடாப் பள்ளத்தாக்கில் அவர்களின் வழிவழி உரிமையை ஏற்று அரசாங்கம் ஒரு காணிப் பத்திரம் வழங்கியது. அவர்கள் எப்படி உறங்குகின்றார்கள், குடலில் என்ன கிருமிகள் வாழ்கின்றன என்று அளந்து சென்ற அத்தனை பேரிலும் பார்க்க, அப்பத்திரத்துக்காக அலைந்தவர்கள் அவர்களுக்குச் செய்தது பெரிது என்பது எமது எண்ணம்.

அனுமதிச் சீட்டின் நன்மையை இதுவரை கூறினோம். அதற்கு மற்றொரு முகமும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. துவாவேசா என்னும் தன்சானியச் சமூக நிறுவனம் கைத்தொலைபேசி மூலம் மக்களிடம் அபிப்பிராயம் கேட்டு வெளியிட்டு வருவது வழக்கம். நாட்டின் சனாதிபதியை ஆதரிப்போர் 2016இல் நூற்றுக்கு 96 பேராயிருந்து, 2018இல் 55 ஆகக் குறைந்துவிட்டனர் என்று அவ்வாண்டு ஜூலையில் அது வெளியிட்டது. சில நாட்களுக்குள் கொஸ்டெக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இவ்வாராய்ச்சிக்கு அனுமதி பெறாதிருக்க, உம்மீது ஏன் சட்ட நடவடிக்கை எடுக்கலாகாது என்று விளக்கம் கேட்டது அக்கடிதம். நிறுவனத் தலைவரின் கடவுச்சீட்டும் கைப்பற்றப்பட்டது. அதே ஆண்டு செப்தெம்பரில் புள்ளிவிபரச் சட்டத்தைத் திருத்தி, அரசாங்கக் கணக்குக்கு மாறான கணக்கை வெளியிடுவதைக் குற்றமாக்கினார்கள். உலக வங்கி கவலை தெரிவித்தது. 2019இல் மறுபடியும் திருத்தி அக்குற்றத்தை நீக்கினர்.

தெண்டகுருவுக்கு வந்த அந்நியனிடம் உன் கேள்வி யாது, யாருக்காகக் கேட்கின்றாய் என்று வினவ ஒரு தேசத்துக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாதிருந்தபடியாலேயே 200 தொன் எலும்பு கப்பலேறிற்று. ஆனால் விடை தனக்கு உவப்பானதா என்று பார்த்த பின்னர் அனுமதியைத் தேடுவது வேறு காரியம். வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அனுமதி மறுத்தால் அவர் வேறொரு நாட்டுக்குப் போய்விடுவார். தன் சொந்த மக்களிடம் அபிப்பிராயம் கேட்ட தன்சானியன் எங்கே போவான்? வாயிற்காவலன் உள்ளே வருபவனைச் சோதிக்கலாம். வீட்டாரின் வாயைப் பொத்துவது அவன் வேலையன்று.

மாணவ நேயர்களுக்காக ஓர் ஆராய்ச்சியைக் கடைசியில் வைத்திருக்கின்றோம். அதற்கு எவரும் அனுமதி வழங்கவில்லை, எவரும் கேட்கவுமில்லை. 1963இல், மகம்பா உயர்தரப் பாடசாலையில் எரஸ்தோ எம்பெம்பா என்ற மாணவன் படித்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் பாலைக் காய்ச்சிச் சீனி கலந்து, ஆறவைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து ஐஸ்கிறீம் செய்வது வழக்கம். பெட்டியிலோ இடம் குறைவு. ஒருநாள் மற்றொருவன் காய்ச்சாத பாலுடன் முந்திக்கொள்ளக் கண்ட எம்பெம்பா, இடம் போய்விடுமே என்ற அவசரத்தில் தன் பாலை ஆறவிடாமல் சூட்டுடனேயே உள்ளே வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரத்தின் பின் திறந்து பார்த்தால், சூடாக வைத்தது உறைந்திருந்தது, மற்றது உறையவில்லை.

ஆசிரியரிடம் கேட்டான். நீ குழம்பிவிட்டாய் என்றார். இரிங்கா நகரத்து மேல்வகுப்பிலே வேறோர் ஆசிரியரிடம் கேட்டபோது, இது உலகத்துப் பௌதிகமன்று, எம்பெம்பாவின் பௌதிகம் என்ற கேலியே கிடைத்தது. வகுப்பிலே அது ஒரு பகிடியாகவும் ஆகிவிட்டது. அந்நாட்களில் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஒஸ்போர்ன் என்னும் பௌதிகப் பேராசிரியர் அப்பாடசாலைக்கு விரிவுரையாற்ற வந்தார். எம்பெம்பா எழுந்தான். ஒரே அளவான இரு பாத்திரங்களில், ஒன்றில் 35 பாகை வெப்பமுள்ள நீரும் மற்றதில் 100 பாகை வெப்பமுள்ள நீரும் வைத்துக் குளிரவிட்டால், சூடான நீர் முதலில் உறைகின்றதே, அது ஏன் என்றான். மாணவர்கள் சிரித்தனர். ஒஸ்போர்ன் சிரிக்கவில்லை. திரும்பிச் சென்றதும் ஆய்வுகூட உதவியாளரை அழைத்துச் செய்து பார்க்கச் சொன்னார். உதவியாளர் வந்து, சூடான நீரே முதலில் உறைந்தது, ஆனாலும் சரியான முடிவு கிடைக்கும் வரை மீண்டும் மீண்டும் செய்து பார்க்கின்றோம் என்றாராம்!

1969இல் எம்பெம்பாவும் ஒஸ்போர்னும் சேர்ந்து எழுதிய கட்டுரை பௌதிகக் கல்விச் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. அன்று தொடக்கம் அந்நிகழ்ச்சிக்கு எம்பெம்பா விளைவு என்றே பெயர். ஆவியாகிக் குறையும் நீரின் அளவு காரணம் என்பார் சிலர். நீருக்குள் எழும் சுழற்சி காரணம் என்பார் வேறு சிலர். 2016இல் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் இருவர் மிகுந்த கவனத்துடன் பரிசோதித்துவிட்டு, அப்படியொரு விளைவு இருப்பதற்கே தக்க ஆதாரம் தமக்குக் கிடைக்கவில்லை என்று எழுதினர். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. வீட்டில் குளிர்ப்பெட்டியும் ஒரே மாதிரியான இரண்டு கோப்பைகளும் ஒரு வெப்பமானியும் இருந்தால், வருகிற விடுமுறையில் நீங்களும் செய்து பார்க்கலாம். அம்மாவிடம் மாத்திரம் கேட்டுக்கொண்டு.